பிரஜாவுரிமையும் ஒரு விண்ணப்பப் படிவமும்

குடியுரிமைக் கல்விப் பாடத்தில் ‘பிரஜை’ என்ற அலகைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “நீங்கள் இலங்கைப் பிரஜை என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்?” பலர் உடனே “நான் இங்கேதான் பிறந்தேன், டீச்சர்” என்பார்கள். அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமானது: “உங்கள் வாப்பா எங்கே பிறந்தார்? அவருடைய வாப்பா எங்கே பிறந்தார்? அதற்குக் கடதாசி இருக்கிறதா?” அப்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

1948ஆம் ஆண்டு இந்த நாட்டில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரிடம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, ஹாலிஎல எனச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களின் நடுவே வாழும் நாம் அந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். எங்கள் கல்லூரிக்குக் கடைவீதியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், லயன்களிலிருந்தும் வருகிறார்கள். ஒரு சட்டம் மனிதருக்குப் பயன்பட வேண்டுமானால் அதைப் படித்து, விளக்கி, படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அந்த வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது. அதை உங்களோடும் உங்கள் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பெயர் சொல்லாமல் ஒதுக்கிய சட்டம்

பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். சுதந்திரம் கிடைத்த வேளையில் அவர்களுள் பெருந்தொகையினர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 1947 பொதுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். சௌ. தொண்டமான் நுவரெலியாவிலிருந்தும், சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்தும் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்றார்கள்.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் பிரஜையாக முடியாது என்று அது விதித்தது. இங்கே பிறந்த ஒருவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்ற சொல்லோ ‘தமிழர்’ என்ற சொல்லோ இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் பரம்பரை பரம்பரையாகக் கிராமத்தில் வாழ்ந்தவரிடம் யாரும் பாட்டனாரின் பிறப்புப் பதிவைக் கேட்கப் போவதில்லை. கேள்வி வந்தது தோட்டத்து மனிதரிடம்தான். பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத காலத்தில் பிறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் அவர் எங்கே போய்ப் பத்திரம் தேடுவார்?

1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்குரிமை என்றாயிற்று. இதை எதிர்த்து ருவான்வெல்ல தொகுதியைச் சேர்ந்த கோடாகன் பிள்ளை தொடுத்த வழக்கு இலண்டனிலிருந்த பிரிவு கவுன்சில் வரை சென்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு, ஓர் இனத்தவரை மட்டும் பாதிக்கும் சட்டங்களைத் தடைசெய்கிறதே என்பது அவர் தரப்பு வாதம். ஒரு நாடு தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிக்கும் சட்டமே இது, ஓர் இனத்தை ஒதுக்கும் சட்டமல்ல என்று 1953இல் தீர்ப்பாயிற்று. அதற்குள் 1952 பொதுத் தேர்தல் முடிந்திருந்தது. புதிய பாராளுமன்றத்தில் இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரும் இல்லை.

மாணவிகள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு சட்டம் நியாயமானதா என்று பார்க்க, அதிலுள்ள சொற்களை மட்டும் படித்தால் போதாது. அது கேட்கும் ஆதாரம் யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டுத் தவணை

விடுபட்டவர்களுக்கு வழிசெய்வதற்கென 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயர் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம். பெயரைப் பாருங்கள். இது தோட்டத் தொழிலாளரை மட்டும் குறித்ததல்ல. தென்னிந்தியாவிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வியாபாரத்துக்காக வந்து மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருந்த முஸ்லிம்களும் இதே வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. நம் ஊர்க் கடைவீதியில் சில குடும்பங்களின் பழைய பெட்டிகளில் இச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பத்திரங்கள் இன்றும் இருக்கக்கூடும்.

விண்ணப்பிப்பதற்கு 1951 ஓகஸ்ட் 5 வரை இரண்டு ஆண்டுகள் தவணை தரப்பட்டது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் இங்கே தொடர்ச்சியாக வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பின்னரும் வதிவு முறியாதிருக்க வேண்டும். போதிய நிலையான வருமானத்தைக் காட்ட வேண்டும். மனைவி பிள்ளைகளும் கூடவே இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். இவ்வளவையும் நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

இதை ஒரு தொழிலாளியின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். விடியலில் பிரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருபவர். படிவம் அவர் வாசிக்கும் மொழியில் இல்லை. பலருக்கு வாசிக்கவே தெரியாது. தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், பிள்ளையின் பிறப்புப் பதிவில் இன்னொரு பெயர். சுகமில்லாத தாயைப் பார்க்க ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியிருந்தால் ‘தொடர்ச்சியான வதிவு’ என்ற நிபந்தனையே ஆபத்தாகும். போதாக்குறைக்கு, சட்டத்தை எதிர்த்த இலங்கை இந்திய காங்கிரஸ் விண்ணப்பிப்பதை முதலில் பகிஷ்கரித்தது. பின்னர்தான் அந்த முடிவை மாற்றியது. இதனால் பெருந்தொகையான விண்ணப்பங்கள் தவணையின் கடைசி மாதங்களில் வந்து குவிந்தன.

சுமார் 825,000 பேருக்காக ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பத்தாண்டுக்கு மேலாக விசாரணை நடந்தது. முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர் மட்டுமே. ஆறு பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைத்தது. எஞ்சியவர்களுக்கு எந்த நாடும் இல்லை. ‘நாடற்றவர்’ என்ற சொல் மலையகத்தின் அன்றாடச் சொல்லானது இப்படித்தான்.

எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்ட குடும்பங்கள்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த 150,000 பேரையும் சரிபாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். போகிறவர்களிடமோ இருக்கிறவர்களிடமோ முன்கூட்டிக் கேட்டு எடுத்த முடிவல்ல இது.

மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் போன புகையிரதத்துக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சென்றார்கள். சிலர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தார்கள். இங்கே ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டவர்கள், அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

1984இல் கப்பல் சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போகாதவர்கள் பல்லாயிரம் பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். சீட்டின் காலம் முடிந்தது; அவர்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். 1983 வன்செயலுக்குப் பின் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களில் தஞ்சமடைந்த மலையகத்தவரோ அங்கே சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட்டார்கள். அத்தகைய முகாம்வாசிகள் 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019இல் மதுரையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 1948இல் எழுந்த கேள்வி எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நீதிமன்றத்தில் நின்றது.

பத்து நாட்களில் நடந்தது

இலங்கையில் 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் நிலைமையைப் பெரிதும் சீராக்கின. 1986 ஜனவரியில் தொண்டமான் தலைமையில் நடந்த பிரார்த்தனைப் போராட்டம் இதற்கு முக்கியக் காரணம். இருந்தும் சட்டம் வந்ததை அறியாதவர்களும், அறிந்தும் பத்திரம் பெறாதவர்களும் ஏராளம்.

2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஏகமனதாக இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதுவே 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கே வாழும் அவர்களது சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை உண்டு. பாட்டனாரின் பிறப்புப் பத்திரம் தேவையில்லை. நாடற்றவராக இருந்தவர் ஒரு பொதுப் பிரகடனத்திலும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் ஒரு விசேட பிரகடனத்திலும் கையொப்பமிட்டால் போதும்.

சட்டம் வந்த பிறகு என்ன நடந்தது என்பதே நமக்கு முக்கியம். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயம், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், அரச அதிகாரிகள் ஆகியோர் சேர்ந்து ஓர் இயக்கம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் தோட்டங்களுக்கே நடமாடும் சேவையாகச் சென்று, சட்டத்தைத் தமிழில் விளக்கி, படிவங்களை நிரப்பினார்கள். பத்தே நாட்களில் சுமார் 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள்.

பத்தாண்டுக்கு மேல் 134,000. பத்து நாட்களில் 190,000. இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, சட்டம் மாறியது: ஆதாரச் சுமை இலேசானது. இரண்டாவது, உதவி மக்கள் இருந்த இடத்துக்கே வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர்த்தமானியில் மட்டும் கிடந்திருந்தால் எத்தனை பேர் அதைத் தேடி வந்திருப்பார்கள்?

தாய் வழியும் வழியே

அதே 2003இல் இன்னொரு திருத்தமும் வந்தது. பெண்பிள்ளைகளாகிய நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது அது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை தந்தை வழியாக மட்டுமே வந்தது. வெளிநாட்டவரை மணந்த இலங்கைப் பெண்ணின் பிள்ளை இலங்கைப் பிரஜையல்ல. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதை மாற்றி, தாய் அல்லது தந்தை, இருவரில் ஒருவர் பிரஜையாக இருந்தால் போதும் என்றது.

ஊவாவிலிருந்து ஏராளமான பெண்கள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறார்கள். அன்று நம் முன்னோர் இங்கே அந்நியராக நின்றது போல, இன்று நம் வீட்டுப் பெண்கள் அங்கே நிற்கிறார்கள். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிவது அவசியம். தவறினால் தாமதத்துக்குத் தனி அனுமதி கோர வேண்டும். வேலைக்குப் போகுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்து, ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைக்க வேண்டும். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம், எசமானர் பணிப்பெண்ணின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதைத் தடைசெய்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி அங்கே போகும் பெண்ணுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டுமல்லவா?

ஒரு மாணவியின் அடையாள அட்டை

இவையெல்லாம் பழைய கதை என்று எண்ணாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த மாணவி ஒருத்திக்கு அடையாள அட்டை கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டது. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஒருவிதமாகவும், தாயின் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. தாய் வெளிநாட்டில். அவளுடைய அம்மாயிதான் ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்திருந்தார். “ஒவ்வொரு வாட்டியும் ‘இன்னொரு நாளைக்கு வாங்க’ன்னு சொல்றாங்க டீச்சர். எனக்கு ஒரு நாள் பேர் போவுது” என்றார் அந்த அம்மா. என்ன பத்திரம் குறைகிறது என்று அவருக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

நாங்கள் செய்தது மிக எளிய காரியம். தமிழில் ஒரு கடிதம் எழுதினோம். கையிலிருந்த பத்திரங்களை இலக்கமிட்டுப் பட்டியலாக்கினோம். இன்னும் என்ன தேவை என்பதை எழுத்தில் அறியத்தருமாறு கேட்டு, கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொண்டோம். பதில் வந்தது: இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி தேவை. அவ்வளவுதான். பரீட்சைக்கு முன் அட்டை கையில் கிடைத்தது. கடிதத்தை எழுதியது நானல்ல, அந்த மாணவியே. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

பெற்றோரும் மாணவிகளும் நினைவில் வைக்க வேண்டிய சில விடயங்களைக் கீழே தருகிறேன்.

1. பிள்ளை பிறந்தவுடன் பிறப்பைப் பதியுங்கள். மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகி, கூடுதல் ஆதாரங்கள் கேட்கப்படும். பதிவாளர் எழுதிய பெயரை அங்கேயே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

2. 15 வயது நிறைந்ததும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாணவிகள் பாடசாலை அதிபர் ஊடாகவும், ஏனையோர் கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்ட முகாமையாளர் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம்.

3. பாட்டன், பாட்டி காலத்துப் பிரஜாவுரிமைப் பத்திரங்களை வீசிவிடாதீர்கள். மூலப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்து, பிரதிகளைப் பயன்படுத்துங்கள். ‘பதிவுப் பிரஜை’ என்று யாராவது தாழ்த்திப் பேசினால் அஞ்ச வேண்டாம். வம்சாவளியால் வந்தவர், பதிவால் வந்தவர் என்ற வேறுபாடு பிரஜையின் அந்தஸ்தில் இல்லை என்று 1978 அரசியலமைப்பின் 26ஆவது உறுப்புரை கூறுகிறது.

4. தமிழில் எழுதுங்கள். பண்டாரவளை உட்படப் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் விண்ணப்பிப்பதும் தமிழில் பதில் பெறுவதும் சலுகையல்ல, உரிமை.

5. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரி தீர்மானிக்க வேண்டும்.

6. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று உரிமையைக் கைவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை தருகிறது, வழக்குகளிலும் தோன்றுகிறது. உரிமை மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

செயற்பாடு

பாடம் என்றால் பயிற்சியும் வேண்டும். இந்த விடுமுறையில் ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டிலுள்ளவர்களின் பெயர், பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழ் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதட்டும். இரண்டு பத்திரங்களில் ஒரே பெயர் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தால் அதன் கீழே கோடிடட்டும். அந்தக் கொப்பி வீட்டிலேயே இருக்க வேண்டும். மற்றவரிடம் கொடுக்கக் கூடாது. பிறகு பக்கத்து வீட்டில் அல்லது லயனில் எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு அவருடைய பத்திரங்களையும் வாசித்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவருக்குச் சொல்லட்டும்.

கோடிட்ட பெயர்களுக்கு என்ன செய்யலாம் என்பதை அடுத்த தவணையின் முதல் வாரப் பாடத்தில் சேர்ந்து பார்ப்போம். கடிதம் எழுத வேண்டியிருந்தால் பாடசாலை முடிந்த பின் வகுப்பறையில் எழுதலாம்; பெற்றோரும் வரலாம்.